பல இடங்களிலிருந்து வரும் வரும்படிக்கு எந்தக் கருவி? ஒரு மொழிபெயர்ப்பாளரின் நெடுநாள் அனுபவம்

பதிப்பகம், விளம்பர நிறுவனம், வெளிநாட்டு இணையதளம் எனப் பல இடங்களிலிருந்து எனக்கு மொழிபெயர்ப்பு வேலைக்கான பணம் வருகிறது. இத்தகைய வரும்படிக்குக் கணக்கு வைக்கும் கருவியை அதன் விலையையோ தோற்றத்தையோ பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. பில்லில் எழுதிய தொகை, வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட டிடிஎஸ் (நமக்குத் தரும் பணத்திலிருந்தே கழித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி), வங்கியில் வந்து சேர்ந்த தொகை ஆகிய மூன்றையும் அது தனித்தனியே வைத்துக்கொள்ளுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

வங்கியின் குறுஞ்செய்திகளைப் படித்துத் தானாகவே கணக்கெழுதும் செல்பேசிச் செயலிகள் இந்தச் சோதனையில் தேறவில்லை. 60,000 ரூபாய்க்கு பில் அனுப்பி, அதில் 10 விழுக்காடு டிடிஎஸ் போக 54,000 ரூபாய் வந்தால், செயலி அந்த 54,000 ரூபாயையே வருமானம் என்று காட்டும். வரிக் கணக்கில் வருமானம் 60,000 ரூபாய்தான். மீதி 6,000 ரூபாய் ஏற்கெனவே நம் பெயரில் கட்டப்பட்ட வரி. வீட்டுச் செலவைப் பார்ப்பதற்கு அச்செயலிகள் போதும், அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கணக்கியல் முறைப்படி பார்த்தால் குனூகேஷ்தான் மிகச் சரியான கருவி. கட்டணமில்லாத இந்தக் கட்டற்ற மென்பொருள் ஒவ்வொரு தொகையையும் இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் இயங்குவதால், மேற்சொன்ன 60,000 ரூபாய் வருமானத்துக்கு எதிரே வங்கியில் 54,000, டிடிஎஸ் கணக்கில் 6,000 என்று எழுதினாலொழிய பதிவு சமன் ஆகாது. பல நாட்டு நாணயங்களையும் அது கையாளும். ஆனால் பற்று வரவில் பழக்கமில்லாதவருக்கு முதல் சில மாதங்கள் பெரும் பொறுமை வேண்டும். சோஹோ இன்வாய்ஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பில் அனுப்பவும் பாக்கியை நினைவூட்டவும் இன்றும் அதையே பயன்படுத்துகிறேன்.

கணக்கின் மூலப் பிரதியை மட்டும் கூகுள் ஷீட்ஸ் என்ற இணையவழி விரிதாளில் வைத்திருக்கிறேன். எல்லா வாடிக்கையாளரும் ஒரே விகிதத்தில் வரி பிடிப்பதில்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம். ஒருவர் தொழில்முறைக் கட்டணம் என்று கருதி 10 விழுக்காடு பிடிப்பார். இன்னொருவர் அதே வகை வேலையை ஒப்பந்தப் பணியாகக் கொண்டு தனிநபருக்கான 1 விழுக்காட்டை மட்டும் பிடிப்பார். எனவே அந்தத் தாளில் விகிதத்துக்கென்று ஒரு பத்தியும் (நெடுவரிசை), பில் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் தனித்தனிப் பத்திகளும் வைத்தேன். மார்ச் மாத பில்லுக்கு ஏப்ரலில் பணம் வரும்போது வாடிக்கையாளர் அதை முந்தைய நிதியாண்டில் காட்டியிருக்கக்கூடும் என்பதால், இரண்டு தேதிகளும் இல்லாத கணக்கை, நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

அந்த ஒப்பீட்டுக்கென்றே இறுதியில் "26ஏஎஸ்ஸில் வந்ததா" என்றொரு பத்தி இருக்கிறது. வரி பிடித்தவர்கள் தாக்கல் செய்யும் காலாண்டு டிடிஎஸ் அறிக்கைகளுக்கு ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 ஆகியவை கடைசித் தேதிகள். ஒவ்வொன்றும் கடந்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எவர் பிடித்த வரி இன்னும் ஏறவில்லை என்பது தெரிந்துவிடும். ஆண்டு முடியும் முன்பே நான்கு தவணைகளில் கட்ட வேண்டிய முன்வரிக்கும் இதே தாள் உதவுகிறது: டிடிஎஸ் போக மீதமுள்ள ஆண்டு வரியில் ஜூன் 15-க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15-க்குள் அதையும் சேர்த்து 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். டிடிஎஸ் கூட்டுத்தொகை கண்ணெதிரே இருப்பதால், கைக்காசிலிருந்து இனி எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கிடச் சில நிமிடங்களே ஆகின்றன.

வெளிநாட்டு வேலைக்குத் தனித் தாள் வைப்பதே நல்லது. அங்கே டிடிஎஸ் இருக்காது. மாறாக, இணையதளம் எடுத்துக்கொள்ளும் கட்டணமும் நாணய மாற்று இழப்பும் இருக்கும். டாலர் தொகை, கட்டணம், மாற்று விகிதம், ரூபாய்த் தொகை என நான்கு பத்திகள் போதுமானவை. கட்டணம் நமக்கு ஒரு செலவு. அதை முதலிலேயே கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால் ஆடிட்டர் மறுபடியும் கேட்கத்தான் செய்வார்.

தட்டச்சுப் பிழையைத் தாள் தானாகக் கண்டுபிடிக்காது என்பது உண்மையான குறை. மாதந்தோறும் வங்கி அறிக்கையோடு சரிபார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பான 20 லட்சம் ரூபாயை ஆண்டு வரவு நெருங்கும்போது தாளைக் கைவிட்டு முழுமையான கணக்கு மென்பொருளுக்கு மாறிவிடுவதே சரி. ஜிஎஸ்டியை பில்லில் தனியாகக் காட்டினால் அதை நீக்கிய தொகைக்கு மட்டுமே டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பதால், அப்போது முதலில் சொன்ன மூன்று தொகைகள் நான்காகிவிடும்.