செஸ்டெர்ஷியஸா, கான்ஸ்டன்டைன் பொடிக்காசா?

ரோமானிய வெண்கலக் காசு சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளின் செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய காசை வாங்குவதா, நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பம் அடித்துத் தள்ளிய பொடிக்காசுகளை வாங்குவதா?

படத்துக்காக என்றால் செஸ்டெர்ஷியஸ்தான், பேச்சே இல்லை. சுமார் 25 கிராம் எடை, 3 செ.மீ.க்கு மேல் அகலம். (வெண்கலம் என்று பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் பித்தளை.) அத்தனை இடம் இருந்ததால் அச்சு வெட்டியவர்கள் பேரரசர்களை ஆளை ஆளாகவே காட்டினார்கள்: நீரோவின் தடித்த கழுத்து, கால்பாவின் முகச் சுருக்கம், வெஸ்பாசியனின் வழுக்கை. பின்பக்கம் இன்னும் சுவாரசியம். நீரோ காசில் ஓஸ்டியா துறைமுகம், உள்ளே கப்பல்கள். டைட்டஸ் காசில் கொலோசியம், வரிசை வரிசையாகக் கூட்டம். வெஸ்பாசியன் 71இல் வெளியிட்டதில் பேரீச்சை மரத்தடியில் யூதர்களின் நாடான யூதேயா ஒரு பெண்ணாக உட்கார்ந்து அழுகிறாள். தோற்ற நாட்டின் அழுகையை ஊரெல்லாம் புழங்கும் காசில் போடும் துணிச்சலைப் பாருங்கள்!

சிக்கல் என்னவென்றால், நல்லது கிடைத்தால் விலை எகிறும். மலிவாகக் கிடைத்தால் சந்தேகம் வரும். தேய்ந்த தலைமுடியையும் எழுத்தையும் உளியால் புதிதாகச் செதுக்கி விற்பவர்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் பதுவா நகரத்துக் கவீனோ என்பவர் செய்த நகல்கள் இன்றும் புகழ்பெற்றவை.

பொடிக்காசில் முகத்தைத் தேடாதீர்கள். கான்ஸ்டன்டைனின் மகன்களைப் பெயரைப் படிக்காமல் பிரித்தறிவது கஷ்டம். ஆனால் ஒரு வகைக் காசின் பின்பக்கத்து இரண்டு சிப்பாய்களைக் கவனியுங்கள். 330 முதல் அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள். 335 வாக்கில் காசின் எடையைக் குறைத்தபோது கொடியும் ஒன்றாகிவிட்டது! அடியில் இருக்கும் எழுத்துகள் ட்ரியரா, சிஸ்கியாவா, அந்தியோக்கியாவா என்று அச்சுச்சாலையைச் சொல்லும். ஒரே படத்தை ஊர் ஊராகச் சேர்க்கலாம், அதிகம் செலவாகாது.

பொடிக்காசைத் தேர்ந்தெடுக்க நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் நூற்றாண்டில் தென்னிந்தியாவுக்கு வந்தவை பெரும்பாலும் தங்கமும் வெள்ளியும்தான். பிற்காலப் பொடிக்காசுகளோ மதுரை, கரூர், இலங்கை என்று பரவலாகக் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்தும் இருக்கிறார்கள்.

செஸ்டெர்ஷியஸை அருங்காட்சியகத்தில் ஆற அமரப் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்காசு போட்டு வாங்குவதென்றால் பொடிக்காசு, அதிலும் முதலில் ஓநாயிடம் இரட்டைக் குழந்தைகள் பால் குடிக்கும் காசு. அதன் முன்பக்கத்தில் பேரரசர் முகமே கிடையாது, தலைக்கவசம் அணிந்த ரோமா தேவிதான் இருக்கிறாள்.