ஜாஸ் ஃப்யூஷன்: எந்த டிராக்கில் ஆரம்பிப்பது?

ஜாஸோடு ராக், ஃபங்க் போன்றவை கலந்த ஃப்யூஷன் என்றதும் பெரும்பாலான பட்டியல்கள் முதலில் நீட்டுவது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1970 இரட்டை ஆல்பம் 'பிட்சஸ் ப்ரூ'. மகத்தான ஆல்பம்தான், ஆனால் முதல் நாளுக்கு ஆகாது. தலைப்பு டிராக்கே 27 நிமிடம். முணுமுணுக்க ஒரு மெட்டு சிக்காமல் புதியவர் பாதியில் எழுந்துவிடுவார்.

சரியான வாசல், கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'கமீலியன்' (1973, 'ஹெட் ஹண்டர்ஸ்'). தாழ்ந்த சுரத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரே பேஸ் வரி, இரண்டே கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்). அதன்மேல்தான் முதல் பாதி முழுக்க நிற்கிறது. அந்த வரி பேஸ் கிதாரில் வாசித்ததல்ல. ஹான்காக் ஆர்ப் ஒடிஸி சிந்தசைசரில் வாசித்தது. ஆல்பத்தில் கிதார் கலைஞரே கிடையாது. கிதாரைப்போல வெட்டி வெட்டிக் கேட்கும் ஒலியில் பெரும்பங்கு கிளாவினெட் என்ற மின் கீபோர்டுடையது. முதல் நிமிடத்தில் வேறெதையும் தேடாமல் பேஸ் வரியை மட்டும் மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். டிரம்ஸும் சாக்ஸபோனும் மேலே ஏறும்போது எது மாறுகிறது, எது அசையாமல் இருக்கிறது என்று காது தானே பிரித்துக்கொள்ளும்.

ஏறக்குறைய ஏழரை நிமிடத்தில் நடை மாறி எலெக்ட்ரிக் பியானோ வரும். அடுத்த பாட்டு வந்துவிட்டது என்று பலர் விலகுவது இங்கேதான். விலகாதீர்கள், பழைய வரி கடைசியில் திரும்பி வரும், அந்த வருகைக்காகவே காத்திருக்கலாம். முழு நீளம் 15 நிமிடம் 41 விநாடி. மிகச் சுருக்கிய சிங்கிள் பதிப்பும் இருப்பதால் நீளத்தைப் பார்த்துப் போடுங்கள். இன்னொன்று: போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. பேஸ் கேட்காத 'கமீலியன்' வெறும் இரைச்சல். சாதாரண இயர்போன் போதும்.

அடுத்து டிரம்ஸ் கலைஞர் பில்லி கோபாமின் 'ஸ்ட்ராடஸ்' (1973). முதல் மூன்று நிமிடம் டிரம்ஸும் சிந்தசைசர் ஓசைகளும்தான். அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். பிறகு லீ ஸ்க்லாரின் பேஸ் நுழைந்து, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். 1991இல் மாஸிவ் அட்டாக் குழு எடுத்தாண்டது இந்த வரியைத்தான்.

வெதர் ரிப்போர்ட் குழுவின் 'பேர்ட்லேண்ட்' (1977) ஆறு நிமிடம், எளிது, எவருக்கும் பிடிக்கும். ஆரம்ப பேஸ் ஜோ ஜாவினுலின் சிந்தசைசர்; அதற்கு மேலே கிதார்போல ஒலிக்கும் ஹார்மோனிக்ஸ், அதாவது தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் உயர்ந்த சுரங்கள்தான், ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ். பெரும்பாலும் முன்பே எழுதிவைத்த இசை என்பதால், மனோதர்மத்தைத் தேடுபவருக்குப் பத்துமுறை கேட்டபின் அலுக்கலாம்.

தாளம் போட்டுப் பழகியவர்கள் நேராக கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினிடம் போகலாம். அவருடைய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் 'தி டான்ஸ் ஆஃப் மாயா' (1971) பத்து எண்ணிக்கையில் ஆரம்பித்து, நடுவில் இருபது எண்ணிக்கை ப்ளூஸாகி, கடைசியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறது. நான்கு நான்காக எண்ணப் பார்த்தால் தொடக்கத்திலேயே தடுமாறும். பத்துப் பத்தாக விரல்விட்டு எண்ணுங்கள்.

மெக்லாஃப்லினே கர்நாடக இசைக் கலைஞர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, பிறகு சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு வாசித்தவர். அக்குழுவின் 'லா டான்ஸ் து போனர்' (1976) வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோலில் தொடங்குகிறது. ஐந்து நிமிடம்கூட இல்லை. அதில் கிதார் கமகம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கிதாரின் விரல்பலகையில் மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) இடையிலுள்ள மரம் குடைந்து எடுக்கப்பட்டிருக்கும், விரல் தந்தியைக் கீழே அழுத்தியும் சுரத்தை ஏற்றலாம். இது பிடித்தால், 1975 கச்சேரியில் பதிவான 18 நிமிட 'ஜாய்'. வேகத்தில் மூச்சு முட்டும், ஆனால் கணக்கு பிசகாது.

கடைசியாக, மைல்ஸ் டேவிஸின் 'ஷ்ஷ்/பீஸ்ஃபுல்', பிப்ரவரி 1969 பதிவு. டிரம்ஸ் வாசிக்கும் டோனி வில்லியம்ஸ் கிட்டத்தட்ட முழுக்க ஹை-ஹாட்டிலேயே (காலால் இயக்கும் ஜோடித் தாளத் தட்டு) இருக்கிறார். முதல் ஆறு நிமிடம் கடைசியில் அப்படியே மறுபடி வருவது உங்கள் பிரமையல்ல. தயாரிப்பாளர் டியோ மசேரோ அதே டேப்பை ஒட்டியிருக்கிறார். மின்விசிறி இரைச்சலில் ஹை-ஹாட் அமுங்கிப்போகும், இரவில் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 'பிட்சஸ் ப்ரூ' இதற்கு ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில், இதே கலைஞர்களில் பலரோடு பதிவானது. இப்போது அதைப் போடலாம்.