சிபில் ரிப்பேர் ஃப்ரான்சைஸ் எடுக்கப் போகிறீர்களா? என் 45,000 ரூபாய் கதையைப் படித்துவிட்டு எடுங்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில் வியாபாரம் படுத்திருந்த நேரம், ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: "சிபில் ஸ்கோர் சரிசெய்யும் தொழில். ஊருக்கு ஒருவர் மட்டும்." (சிபில் என்பது நாம் கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்ற பதிவை வைத்திருக்கும் நிறுவனம். அதைப் பார்த்து அது போடும் மதிப்பெண்தான் ஸ்கோர்; வங்கிகள் லோன் கொடுக்குமுன் அதைத்தான் பார்க்கும்.) போன் போட்டேன். "சார், உங்க ஏரியாவை இன்னொருத்தர் கேட்டிருக்கார். சாயங்காலம் வரைக்கும்தான் ஹோல்டு பண்ண முடியும்" என்றது ஒரு பெண் குரல். சாயங்காலத்துக்குள் 45,000 ரூபாய் ஜிபே போய்விட்டது. வீட்டில் சொன்னது மறுநாள்தான்.

கையில் வந்தவை: பிடிஎஃப்பில் ஒரு சான்றிதழ், ஃப்ளெக்ஸ் டிசைன், இரண்டு மணி நேர ஜூம் பயிற்சி, ஒரு லாகின். லாகினுக்குள் போனால் வாடிக்கையாளரின் பான், ஆதாரை ஏற்ற ஒரு படிவம். வேறெதுவும் இல்லை. கேஸுக்கு 5,000 வாங்கி, அதில் 2,000 அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

முதல் கேஸ் எங்கள் ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன். பைக் லோனில் ஏழு மாதம் தவணை விட்டு, கடைசியில் ஒரு தொகை பேசி முடித்திருந்தார். அவர் கணக்கில் கடன் தீர்ந்தது. சிபில் ரிப்போர்ட்டிலோ 'செட்டில்டு' என்று இருந்தது. 'க்ளோஸ்டு' வேறு, இது வேறு. கடன் கொடுத்தவன் முழுப் பணத்தையும் பார்க்கவில்லை என்று அடுத்த வங்கிக்குச் சொல்கிற சொல் அது. "மூணே மாசத்துல ஸ்கோர் 750 ஆயிடும்ணே" என்று பயிற்சியில் கற்ற வசனத்தை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அந்த லோனுக்கு நேரே 'அண்டர் டிஸ்ப்யூட்'. "பாருங்க சார், வேலை நடக்குது." அண்ணன் சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். யார் புகார் பதிந்தாலும் அந்தக் குறிப்பு விழும் என்பது அப்போது எனக்கே தெரியாது. சிபில் தானாக ஒரு எழுத்தையும் மாற்றாது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும். அவர் "எங்கள் பதிவு சரிதான்" என்றால் பழையபடி ஆகிவிடும். அதுதான் நடந்தது.

எடுத்த மூன்று கேஸில் தேறியது ஒன்று. மளிகைக்கடை அக்கா நகைக்கடனை முழுக்கக் கட்டியும் ரிப்போர்ட்டில் பாக்கி காட்டியது. கம்பெனியை நம்பிப் பயனில்லை என்று அக்காவையே கூட்டிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய், கடன் முடிந்த கடிதத்தைக் காட்டினேன். சிபில் தளத்தில் அவர் போனிலிருந்தே புகாரும் பதிந்தோம். மாதம் முடிவதற்குள் சரியானது. புகாருக்குக் கட்டணம் கிடையாது. டவுன் பஸ்ஸில் அக்காவுக்கு ஃப்ரீ, எனக்கு மட்டும் டிக்கெட். அவரிடம் வாங்கிய 5,000 உறுத்தியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் பதிவு வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களுமே வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாளில் முடிக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நமக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட உத்தரவு. அதிலும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறார், அதுவும் இலவசம். தப்பாக ஏறிய பதிவை இப்படித் திருத்தலாம். உண்மையாகவே விட்ட தவணையை யாராலும் அழிக்க முடியாது. ஆட்டோ அண்ணனுக்கு இருக்கும் ஒரே வழி, தள்ளுபடி ஆன மீதியையும் கட்டி, 'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்லிக் கேட்பதுதான். இதில் விற்பதற்கு என்ன இருக்கிறது? படிவம் நிரப்பித் தருகிற கூலி இருக்கிறது. அதை என் கடையில் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அக்ரிமென்ட்டின் நான்காம் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள்: ஃப்ரான்சைஸ் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. கீழே என் கையெழுத்து. அதோடு வாட்ஸப்பில் பிளாக். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் கொடுத்து எண் வாங்கி வைத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.

போன பணத்தைவிட, என் பேச்சை நம்பிக் கொடுத்த மூன்று பேரின் பான், ஆதார் நகல்கள் அங்கே கிடப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மூவரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். புதிதாக ஏதாவது லோன் அவர்கள் பெயரில் முளைக்கிறதா என்று மாதாமாதம் அவர்கள் போனிலேயே பார்த்துச் சொல்கிறேன். ஆட்டோ அண்ணனிடம் வாங்கியதில் இன்னும் 2,000 பாக்கி திருப்பித் தர வேண்டும்.

நேற்று அதே விளம்பரம் மறுபடி வந்தது. கம்பெனி பெயர் வேறு, படம் அதே படம். "ஈரோடு மாவட்டத்தில் ஒரே ஒரு இடம் காலி."