ஸ்டெர்லிங் வெள்ளியா, பிரிட்டானியா வெள்ளியா?

நம்மூர் நகைக்கடைகளில் ‘92.5 வெள்ளி’ என்று விற்பதுதான் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. பிரிட்டானியாவில் வெள்ளி 958 பங்கு. மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, கூடினால் சரக்கும் உசத்தி என்று நினைப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் கணக்கு. தங்கம், வெள்ளி நிறுக்கும் டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ், அவுன்சுக்கு 20 பென்னிவெயிட், ஆக மொத்தம் 240. அதில் 222 வெள்ளியாக இருந்தால் ஸ்டெர்லிங். 230 இருந்தால் பிரிட்டானியா. வகுத்துப் பாருங்கள், 925-ம் 958-ம் வந்துவிடும்.

ஸ்டெர்லிங் என்பது நார்மன் காலத்து வெள்ளிப் பென்னியின் பெயர். சில காசுகளில் குட்டி நட்சத்திரம் இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஆனால் நட்சத்திரம் போட்ட காசுகள் கொஞ்சம்தான். ‘ஈஸ்டர்லிங்’ எனப்பட்ட, வட ஜெர்மனியின் ஹான்சா வணிகர்களிடமிருந்து வந்தது என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். என்ன செய்ய, அவர்கள் தலையெடுப்பதற்கு முன்பே இந்தச் சொல் புழக்கத்தில் இருந்துவிட்டது.

பிரிட்டானியா பிறந்த காரணம் களவு. அன்று காசும் பாத்திரமும் ஒரே மாற்று. காசின் ஓரத்தைச் சுரண்டி, உருக்கி, தட்டும் கோப்பையும் செய்தார்கள். அதைத் தடுக்க 1697-ல் பாத்திர வெள்ளியின் மாற்றை மட்டும் 958-க்கு ஏற்றினார்கள். இனி காசை உருக்கினால் அதைப் புடம்போடும் செலவு தலையில் விழும். ஆனால் பொற்கொல்லர்களுக்கு இந்த வெள்ளி மெத்தென்று இருந்தது. 1720-ல் ஸ்டெர்லிங் திரும்பியது, கூடவே அவுன்சுக்கு 6 பென்ஸ் வரியும். பிரிட்டானியா விருப்பப்பட்டவர்களுக்கு என்று நின்றது. லண்டன் வெள்ளிக் கலைஞர் பால் டி லமேரி போன்ற பெரிய கைகள் அதன்பிறகும் சில ஆண்டுகள் அதிலேயே வேலை செய்தார்கள்.

பழைய ஆங்கிலேயக் கரண்டி கிடைத்தால் காம்பின் பின்பக்கம் பாருங்கள். வலது முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங். 1544 முதல் அந்த முத்திரை உண்டு. கேடயத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணும், கழுத்தில் பிய்த்தெடுத்தது போன்ற சிங்கத் தலையும் இருந்தால் பிரிட்டானியா. 1999-க்குப் பிறகு வந்தவற்றில் 925, 958 என்று எண்ணே இருக்கும்.

தினமும் புழங்கும் கரண்டி, முள்கரண்டி, மோதிரம் என்றால் ஸ்டெர்லிங்தான். செம்பு கொடுக்கும் உறுதி வேண்டும். சுத்தியால் தட்டி எழுப்பும் கிண்ணம், அலமாரியில் வைக்கும் கோப்பை என்றால் பிரிட்டானியா வாங்கலாம்: தட்டினால் நன்றாக வளையும், வெண்மையும் ஒரு படி கூடுதல்.

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ‘பிரிட்டானியா மெட்டல்’ வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்தது, வெள்ளி பொட்டுக்கூடக் கிடையாது. ‘ஜெர்மன் சில்வர்’ கதையும் அதே: செம்பு, நிக்கல், துத்தநாகம். பிரிட்டனின் ‘பிரிட்டானியா’ வெள்ளி நாணயம்கூட 2012 வரைதான் 958; 2013 முதல் 999.