காம்போ பூட்டுப் பெட்டி: உள்ளே எது தேறும், எதைத் தூக்கிப் போடணும்

மண்ணடி ஹார்டுவேர் கடையில் போய் "மெயின் டோருக்கு ஒரு லாக் குடுங்கண்ணா" என்று கேட்டால், உள்ளேயிருந்து எதிர்க்கேள்விதான் வரும்: "பாடி இன்னா சைஸ்ணா? சிலிண்டர் அறுபதா, எழுபதா?" பதில் தெரியாமல் விழிப்பவர் முன்னால் ஒரு பளபள அட்டைப்பெட்டி வந்து விழும். கைப்பிடி ஜோடி, லாக் பாடி, சிலிண்டர், ஸ்ட்ரைக் பிளேட், சாவிக்கொத்து, ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, எல்லாம் ஒரே விலை. இதற்குப் பெயர் காம்போ செட். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை புதிதாக எழும்பும் ஃப்ளாட்டுகளில் பாதிக்கு மேல் இந்தப் பெட்டிதான் ஏறுகிறது என்று தோன்றுகிறது.

கம்பெனிப் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். நடுத்தர விலையில் பல பெயர்களில் விற்கும் பெட்டிகள் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பாடி தேறும். சிலிண்டர் அளவைப் பொறுத்தது. கைப்பிடி கடலோரத்துக்கு ஆகாது. கூட வரும் ஸ்க்ரூவைக் குப்பையில் போடலாம்.

கதவின் விளிம்பில் காடி எடுத்து உள்ளே இறக்கும் இரும்புப் பெட்டிதான் லாக் பாடி. இறக்கிய பிறகு வெளியே தெரியும் நீளத் தகட்டை ஃபோர்எண்ட் என்பார்கள், ஃபேஸ் பிளேட் என்றாலும் அதேதான். அதிலிருந்து இரண்டு நாக்கு எட்டிப் பார்க்கும். சாய்வாகச் சீவிய நாக்கு லாட்ச். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே போகும், கதவைச் சாத்தினால் தானாக மாட்டிக்கொள்ளும். சதுரக் கட்டையாக இருப்பது டெட் போல்ட். சாவி திரும்பினால்தான் அது அசையும். லாட்ச் விழுந்த சத்தத்தை நம்பிப் பூட்டாமல் கடைக்குப் போகிறவர்கள் வீட்டில் கதவைக் காவல் காப்பது அந்தச் சாய்ந்த நாக்கு மட்டும்தான்.

பாடி வாங்கும்போது இரண்டு எண் போதும். ஃபோர்எண்டின் முகத்திலிருந்து சாவித்துளை மையம் வரை உள்ள தூரம் பேக்செட். 45, 50, 55, 60 மில்லிமீட்டர் என்று வரும். கைப்பிடியின் சதுரத் துளை மையத்திலிருந்து சாவித்துளை மையம் வரை உள்ளது சென்டர். நம்மூர்க் கடைகளில் அதிகம் புழங்குவது 85. ஐரோப்பிய அளவில் வருபவை 72. பழைய பூட்டைக் கழற்றிப் புதிது போடும்போது வரும் தகராறு முக்கால்வாசி இந்த எண்ணில்தான். 72 இருந்த கதவில் 85 கைப்பிடித் தகட்டை வைத்தால் சாவித்துளை 13 மில்லி கீழே போய் நிற்கும். அப்புறம் கதவைக் கொத்த வேண்டும், கொத்திய இடத்தை மறைக்க இன்னும் பெரிய தகடு தேட வேண்டும்.

பேக்செட் பெரிதாக இருந்தால் நிலையில் கை இடிக்காது, அது நல்லது. ஆனால் பேனல் கதவின் நிற்கும் சட்டம் 4 அங்குலம்தான் என்றால், 60 பேக்செட் பாடி அந்தச் சட்டத்தைக் கிட்டத்தட்ட முழுதாகத் தின்றுவிடும். குறுக்குச் சட்டம் வந்து சேரும் மூட்டில் காடி எடுத்தால் கதை இன்னும் மோசம், மூட்டே வெட்டுப்படும். அப்படிப்பட்ட கதவுக்கு 45 போதும். அதையும் மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ தள்ளி இறக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஃப்ளஷ் கதவில் (சட்டம் வெளியே தெரியாத தட்டைப் பலகைக் கதவு) 18 மில்லி அகலத்துக்குக் காடி எடுத்தால் இரண்டு பக்கமும் 6 மில்லி மரம்தான் மிஞ்சும். ஓங்கி ஒரு உதை விட்டால் பிளப்பது அந்த இடம்தான். மெயின் டோருக்கு 35 மில்லிக்குக் குறைந்த கதவை எடுக்காதீர்கள்.

கடையில் பாடியைக் கையில் வாங்கியதும் டெட் போல்ட்டை முழுக்க வெளியே கொண்டுவந்து கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு முடியளவுகூட உள்ளே போகக் கூடாது. சாவி இரண்டு சுற்று சுற்றினால் அது டபுள் த்ரோ, வாங்கினால் அதையே வாங்கலாம். பெட்டியில் ஐ.எஸ். 2209 என்று இருந்தால் அது செங்குத்து வகை மார்ட்டிஸ் பூட்டுக்கான, அதாவது இப்படிக் காடி எடுத்து இறக்கும் பூட்டுக்கான, இந்தியத் தர எண். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் எண்ணை மட்டும் அச்சடித்திருந்தால் அதை விளம்பரமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிலிண்டருக்கு வருவோம். குழி குழியாக இருக்கும் தட்டைச் சாவியைக் கடையில் கம்ப்யூட்டர் சாவி என்பார்கள். அது நுழைகிற பித்தளை உருளைதான் சிலிண்டர். 60 என்றால் நடுவிலிருந்து இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30. கணக்கு எளிது: கதவின் கனம், கூடவே இரண்டு பக்கத் தகட்டின் கனம். 35 மில்லி கதவு, தகடுகள் சேர்ந்து 20 என்றால் 55. 60 சிலிண்டர் சரி. 45 மில்லி தேக்குக் கதவு என்றால் 65, 70 வேண்டும். வெளிப்பக்கம் பலகை ஒட்டிக் கனம் கூட்டிய கதவென்றால் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, 30க்கு 40 என்று கேட்டு வாங்க வேண்டும். காம்போ பெட்டியில் பெரும்பாலும் 60தான் இருக்கும், உங்கள் கதவு என்னவாக இருந்தாலும்.

நீளம் குறைந்தால் சாவி பிடிக்க வசதியில்லை, அவ்வளவுதான். கூடினால்தான் ஆபத்து. சிலிண்டர் வெளிப்பக்கம் 3 மில்லிக்கு மேல் துருத்தக் கூடாது. நடுவில் ஸ்க்ரூ துளை போகும் இடத்தில் அந்த உருளைக்கு உடம்பே இல்லை. துருத்தும் முனையை இடுக்கியால் பிடித்து வளைத்தால் சரியாக அங்கேதான் முறியும்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்த வகைப் பூட்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. குடித்தனம் மாறும்போது பூட்டையே மாற்ற வேண்டியதில்லை. ஃபோர்எண்டில் சாவித்துளைக்கு நேராக இருக்கும் நீள எம்5 ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருப்பினால், நடுவில் இருக்கும் பல் உருளைக்குள் ஒடுங்கும். அந்த நிலையில் சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். புதிதை அதே வழியில் ஏற்றிவிடலாம். 5 நிமிட வேலை, கார்பென்டரும் வேண்டாம்.

பெட்டியில் ஆக மட்டமானவை ஸ்ட்ரைக் பிளேட்டும் அதன் ஸ்க்ரூக்களும். நாக்கு போய் விழும் துளையுள்ள தகடுதான் ஸ்ட்ரைக் பிளேட், நிலைக்காலில் பதிப்பது. அதைப் பிடிக்க முக்கால் அங்குல ஸ்க்ரூ தருகிறார்கள். எவ்வளவு விலை கொடுத்துப் பூட்டு வாங்கினாலும் உதை விழும்போது தாங்க வேண்டியது அந்த முக்கால் அங்குலம்தான். 50 மில்லி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ தனியாக வாங்கி, மெல்லிய பிட்டால் வழித்துளை போட்டு இறுக்குங்கள். வழித்துளை இல்லாமல் தேக்கு நிலையில் ஏற்றினால் ஸ்க்ரூ தலை முறியும், இல்லாவிட்டால் நிலைக்கால் விரியும்.

இதே இடத்தில் நடக்கும் இன்னொரு கோளாறுக்குப் பழி எப்போதும் பூட்டின் மேல்தான் விழுகிறது. "சாவி ஒரு சுத்துதான் சுத்துது, ரெண்டாவது சுத்து வரலை, பீஸ் ஃபால்ட்டு" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு சுற்றும் வந்தால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. தகட்டுக்குப் பின்னால் நிலையில் போட்ட குழி ஆழம் பத்தவில்லை. போல்ட் 20 மில்லி வெளியே வருகிறதென்றால் குழி 25 ஆவது வேண்டும். அதற்குள் பிளாஸ்டிக் தூசுப்பெட்டியும் உட்கார வேண்டும். உளியை எடுத்துக் கால் மணி நேரம் கொத்தினால் "ஃபால்ட்டு" பீஸ் நல்ல பீஸ் ஆகிவிடும்.

திறந்திருக்கும்போது வேலை செய்து, சாத்தினால் மக்கர் பண்ணும் பூட்டில் அடுத்துப் பார்க்க வேண்டியது கீல். கதவு தொங்கினால் நாக்கு துளைக்குக் கீழே இடிக்கும். உடனே அரத்தை எடுத்து ஸ்ட்ரைக் துளையை ராவிப் பெரிதாக்குவது இங்கே வழக்கம். ராவினால் அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும், கதவு தொடர்ந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மேல் கீலின் ஸ்க்ரூவைக் கழற்றி 50 மில்லி போட்டு இறுக்கினால் பெரும்பாலும் கதவு ஏறிவிடும். 7 அடி மரக்கதவுக்கு 4 கீல் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஊதிக் கதவு பிடிப்பது வேறு விவகாரம். அதற்கு அவசரப்பட்டு இழைக்க வேண்டாம். தையில் காய்ந்ததும் அதே இடத்தில் வெளிச்சம் தெரியும். கதவு மாட்டும்போதே சுற்றிலும் 3 மில்லி இடைவெளி விட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கைப்பிடி பற்றித்தான் கோபமாக எழுத வேண்டியிருக்கிறது. பெட்டியில் வருவது பெரும்பாலும் ஜிங்க் வார்ப்பு, மேலே முலாம். அண்ணா நகரில் பல வருஷம் தாக்குப்பிடிக்கலாம். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் உப்புக்காற்றில் முதலில் கைபடும் விளிம்பில் குண்டூசித் தலையளவு கொப்புளம் கிளம்பும். நகத்தால் சுரண்டினால் முலாம் தோலாக உரியும், அடியில் சாம்பல் நிறப் பொடி. அதற்கு மருந்து கிடையாது. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் பாடியையும் சிலிண்டரையும் மட்டும் வாங்கிக்கொண்டு, கைப்பிடியை 304 எஸ்.எஸ்.ஸிலோ கெட்டிப் பித்தளையிலோ தனியாக எடுங்கள். பித்தளை கறுக்கும், ஆனால் உரியாது. புளி போட்டுத் தேய்த்தால் பழையபடி வந்துவிடும்.

304 என்று சொல்லி, மாங்கனீஸ் கூடுதலாகக் கலந்த மலிவு ரகமான 202 எஸ்.எஸ்.ஸைக் கொடுப்பது சகஜம். "காந்தம் ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்று காட்டுவார்கள். 202லும் காந்தம் ஒட்டாது, அதனால் அந்த வித்தை எதையும் நிரூபிக்காது. மாங்கனீஸைக் காட்டிக் கொடுக்கும் டெஸ்ட் லிக்விட் வைத்திருக்கும் கடையில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.

கைப்பிடிகள் இரண்டையும் இணைக்கும் 8 மில்லி சதுரக் கம்பிதான் ஸ்பிண்டில். தகட்டு ஸ்க்ரூவைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் இந்தக் கம்பி நெரிபட்டு, அழுத்திய கைப்பிடி மேலே திரும்பாது. கால் சுற்று தளர்த்தினால் துள்ளி எழும். கைப்பிடி கழுத்தில் ஆலன் கீ போடும் குட்டி ஸ்க்ரூவில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டு இறுக்கினால், ஆறு மாதத்தில் கைப்பிடி கையோடு வராது.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பழைய வீடுகளின் இரட்டைக் கதவுக்கு இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடும் காடிக்கு ஏற்ற தனி ஸ்ட்ரைக் கிட் தேவை, ஒரு கதவை மேலும் கீழும் டவர் போல்ட் போட்டு அசையாமல் நிறுத்தவும் வேண்டும். இவ்வளவு செய்வதற்குப் பதில் கனமான ஆல்ட்ராப்பும் (தொங்கு பூட்டு மாட்டும் பெரிய தாழ்ப்பாள்) நல்ல தொங்கு பூட்டும் போதும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு அந்தக் கதவுகளுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். இல்லையென்றால் கதவின் உள்முகத்தில் மேலாகப் பதிக்கும் ரிம் லாக். காடி வேலையே கிடையாது.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எண்ணூர் கரித்தூசியும் மணலி சாலை லாரிப் புழுதியும் அந்த எண்ணெயில் ஒட்டிச் சிலிண்டருக்குள் களிம்பாகிவிடும், ஒரு வாரம் வழுக்கி அப்புறம் ஒரேயடியாகப் பிடிக்கும். கிராஃபைட் பொடி ஒரு சிட்டிகை போதும். அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து, நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள்.