தேதி தவறினால் முதலிலிருந்து

அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கென்று குறித்துக் கொடுத்த தேதியை வேறொரு நாளுக்கு மாற்றித் தரும்படி கேட்க யாரிடம் போக வேண்டும் என்று தேடியதிலேயே இந்த முறை என் விடுமுறையின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. விமானம், சாலை, உறவினர் வீட்டு விருந்து ஆகியவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவையெல்லாம் நன்றாகவே நடந்தன. அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சை ஒன்றுதான் நடக்கவில்லை. அது நடக்காமல் போனதற்கு மருத்துவரோ மருந்தோ பணமோ காரணம் இல்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குக் கிழக்கே, கிளுவை வேலியும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடுமாக இருக்கும் மேட்டு நிலம். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. வலக் கண்ணில் புரை முற்றி, பால் சொசைட்டிச் சீட்டில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கைக்கூடப் படிக்க முடியாத நிலை வந்த பிறகு, கோவையில் தனியார் மருத்துவமனையில் பார்த்துவிடலாம் என்று நான் பர்மிங்காமிலிருந்து தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தம்முடைய தாயாருக்கும் அரசு மருத்துவமனையில்தான் கண் பார்த்தது, ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. என் சிறு வயதில் பெரிய நோய் என்றால் 1966இல் தொடங்கிய கோவை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்; இன்றைக்கு எங்கள் பெற்றோர் சானடோரியம் என்றே சொல்லிவந்த பெருந்துறை வளாகம் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது, 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி மூன்றும் இந்தப் பக்கத்தவை. நாங்கள் போன மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே அம்மாவைப் பரிசோதித்த மருத்துவர் பொறுமையாகப் பேசினார். லென்ஸ், சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி எல்லாம் இலவசம். மாதம் முடிவதற்குள் தேதியும் குறித்தார்கள். இங்கிலாந்தில் வாழும் ஒருத்திக்கு அந்தத் தேதி எவ்வளவு பெரிய வியப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தேதிக்கு முந்தைய நாள் மாலையில் கொடுமுடியிலிருந்து செய்தி வந்தது. அம்மாவின் அண்ணன் இறந்துவிட்டார். கூடப் பிறந்த தங்கை போகாமல் துக்க வீட்டில் எந்தச் சடங்கும் நகராது என்பது எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருமாதி முடியும் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாட்கள் வேறு இருக்கின்றன. கண்ணில் கத்தி வைத்த பிறகு தலைக்குக் குளிக்கக் கூடாது. ஆகவே அறுவைச் சிகிச்சையைக் கருமாதிக்குப் பிறகு தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இது ஊரில் யாருக்கும் நேரக்கூடிய நியாயமான காரணம். இதைச் சொல்லி வேறு நாள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த நோட்டில் தேதி இருந்தது, யூனிட் எண் இருந்தது, கையெழுத்து இருந்தது. தொலைபேசி எண் இல்லை. மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி எடுத்து அழைத்தபோது, நெடுநேரம் மணி அடித்து எடுத்தவர் கண் துறைக்கு இணைப்பு இல்லை, நேரில் வாருங்கள் என்றார். மறுநாள் காலையில் அம்மாவைக் கொடுமுடியில் விட்டுவிட்டு நான் மட்டும் நோட்டுடன் போனேன். ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றபோது நோயாளி இல்லாமல் சீட்டுப் போட முடியாது என்றார்கள். சீட்டு இல்லாமல் உள்ளே விட வாசலில் இருந்த காவலருக்கு அனுமதி இல்லை. அவரிடம் விஷயத்தைச் சொல்லி, கெஞ்சி உள்ளே போனால், அன்றைக்கு அம்மாவின் யூனிட் முழுவதும் அறுவைச் சிகிச்சைத் தியேட்டரில் இருந்தது. வெளியில் இருந்த பணியாளர், அந்த யூனிட்டின் ஓ.பி. நாளன்று நோயாளியையும் அழைத்துக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அம்மா வர மாட்டார் என்ற செய்தியை அவர் எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்வதற்கு அவரிடம் ஒரு பதிவேடு இருந்ததாகவும் தெரியவில்லை.

இந்த யூனிட் முறையைப் பற்றி வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒரு துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை மருத்துவர்; வாரத்தில் அதற்கென்று ஓ.பி. நாளும் தியேட்டர் நாளும் உண்டு. முதலில் எந்த யூனிட்டின் கையில் நோயாளி வந்தாரோ அதே யூனிட்தான் கடைசி வரை பார்க்கும். மருத்துவ ரீதியில் இது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் நோயாளியின் வரலாறு ஒரே மருத்துவரின் பார்வையில் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் தவறியவருக்கு அடுத்த வாய்ப்பு அந்த யூனிட்டின் அடுத்த நாளில்தான். அந்த நாள் அரசு விடுமுறையாகிவிட்டால் இன்னும் ஒரு வாரம் போய்விடும்.

கருமாதி முடிந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோதுதான் உண்மையான சிரமம் தெரிந்தது. "தேதிக்கு வரலீன்னா மொதல்ல இருந்துதானுங்க" என்றார் செவிலியர். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., அறுவைச் சிகிச்சைக்கு உடல் தகுதி உண்டு என்ற பொது மருத்துவரின் ஃபிட்னஸ் சான்று என்று முன்பு எடுத்த அனைத்தும் பழையவை ஆகிவிட்டன. நடவு நாளைத் தவறவிட்டவர் நாற்றங்காலிலிருந்து தொடங்குவதைப்போல நாங்கள் ஓ.பி. சீட்டு வரிசையிலிருந்து மறுபடி தொடங்கினோம். ரத்தம் கொடுக்க ஒரு கட்டடம், இ.சி.ஜி.க்கு இன்னொன்று, முடிவு வாங்க மறுநாள், ஃபிட்னஸ் கையெழுத்துக்கு அதற்கும் மறுநாள். அம்மாவின் கண்பார்வையில் அந்தப் படிக்கட்டுகளை ஏறி இறங்குவது எளிதல்ல. வயர் கூடையில் தண்ணீர்ப் பாட்டிலையும் நோட்டையும் வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் நடந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. துக்க வீட்டில் வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் இல்லாமல், அழுதுகொண்டே இருந்தவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அந்த அளவில் அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது என்று மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி. முன்கூட்டியே ஒரு சொல் சொல்லித் தேதியைத் தள்ளி வாங்கியிருக்க முடிந்திருந்தால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர அந்த இடைவெளியிலேயே ஆலோசனை கிடைத்திருக்கும்.

"முன்னாடியே வந்து சொல்லியிருக்கோணுமுங்க" என்று செவிலியர் அம்மாவிடம் சொன்னார். அதட்டலாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "போனது எங்கூடப் பொறந்தவனுங்க சாமி" என்றார் அம்மா. அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளகோவில் பக்கத்தவர், விசைத்தறி ஓட்டியவர். அம்மாவுக்குக் குறித்திருந்த அதே தேதியின் காலையில் அவர் இதே இடத்தில் இருந்திருக்கிறார்; பரிசோதனையெல்லாம் முடிந்து, அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வரும்படி சொல்லி அனுப்பப்பட்டிருக்கிறார். "ஏனுங் அம்மிணி, அன்னிக்கு உங்கம்மா எடம் சும்மாத்தானுங்களே இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நா அன்னிக்கே படுத்திருப்பனுங்" என்றார். அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா வர மாட்டார் என்பதைச் சொல்ல நான் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வந்து நின்றிருந்தேன். வர முடியாதவருடைய இடமும் வந்து காத்திருந்தவருடைய ஆயத்தமும் ஒரே காலையில் ஒரே தாழ்வாரத்தில் இருந்தன. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். யாருடைய பொறுப்பு என்று ஒருவரைக் குறித்திருந்தால் போதும்.

இங்கிலாந்து எல்லாவற்றிலும் மேல் என்று சொல்ல நான் வரவில்லை. 1948இல் தொடங்கிய என்.எச்.எஸ். என்னும் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவை இன்றைக்குக் காத்திருப்பால் திணறுகிறது. பரிந்துரைத்த 18 வாரத்துக்குள் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து 2016க்குப் பிறகு எட்டவே இல்லை. 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. கண்புரைக்கு மாதம் முடிவதற்குள் தேதி என்றால் என் அண்டை வீட்டார் நம்ப மாட்டார்கள். ஆனால் அங்கே வரும் தேதிக் கடிதத்திலேயே, வர இயலாவிட்டால் அழைக்க வேண்டிய எண் அச்சிட்டிருக்கும். பல துறைகளில் கைப்பேசிச் செயலியிலேயே நாளை மாற்றலாம். முன்கூட்டியே குறுஞ்செய்தி வந்து வருகிறீர்களா என்று கேட்கும். சொல்லாமல் வராமல் இருப்பவரை அங்கேயும் பட்டியலிலிருந்து எடுத்துக் குடும்ப மருத்துவரிடமே திருப்பி அனுப்பிவிடுவது உண்டு. சொல்ல வழி வைத்துவிட்டுச் சொல்லாதவரைத் தண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் தண்டனை மட்டும் இருக்கிறது, சொல்லும் வழி இல்லை.

அந்த வழி முன்பு இருந்தது என்பதுதான் என் மனத்தை அதிகம் வருத்துகிறது. மிக்சர் வாங்க வீட்டிலிருந்தே கழுவிய பாட்டில் கொண்டுபோன காலத்தில், எங்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் இருந்த கம்பவுண்டருக்கு ஒவ்வொரு குடும்பமும் தெரியும். நாளைக்குக் கடலைக்காய் பறிக்க ஆள் வருகிறது, நாளன்றைக்குக் கட்டு மாற்ற வரலாமா என்று அப்பா கேட்பார். வாங்க என்று அவர் சொல்வார். அதற்குச் சீட்டும் வரிசையும் கிடையாது. மருத்துவமனைகள் பெரிதாகி, ஸ்கேனும் லென்ஸும் வந்து, நம் அம்மாக்களின் ஆயுள் நீண்டிருக்கிறது. நான் அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை. ஆனால் அந்தக் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை.

தமிழ்நாட்டு அரசுக்கு இது முடியாத காரியம் என்று யாரும் சொல்லக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலர் பெண், வருவதற்கு முதல் நாள் அழைத்து, வீட்டில் இருப்பீர்களா, காட்டுக்குப் போய்விடுவீர்களா என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி என்னும் கர்ப்பகாலப் பதிவு எண் கொடுத்து, தேதி தவறினால் கிராமச் செவிலியர் வீடு தேடி வருகிறார். 108ஐ அழைத்தால் வண்டி வருகிறது. நாங்கள் போன மருத்துவமனையின் வாசலிலேயே, ஆபா என்னும் சுகாதார அடையாள எண் உள்ளவர்கள் கைப்பேசியைக் காட்டி ஓ.பி. சீட்டு எடுக்க க்யூ.ஆர். பலகை இருக்கிறது. உள்ளே வருவதை எளிதாக்க இத்தனை செய்தவர்கள், இன்றைக்கு வர இயலவில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. கூலிக்குப் போகும் ஒருவருக்கு ஒவ்வொரு வீண் பயணமும் ஒரு நாள் சம்பளம், இரண்டு பேருக்கான பேருந்துக் கட்டணம். தறி ஓட்டிய அந்தப் பெரியவர் துணைக்கு வந்த மகனின் சம்பளத்தைப் பற்றித்தான் அன்றைக்கு அதிகம் கவலைப்பட்டார்.

புறப்படும்போது அந்தச் செவிலியர், யாரும் கேட்காமலேயே, தம் சொந்தக் கைப்பேசி எண்ணை நோட்டின் அட்டை உட்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மா அவருக்கு இரு கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நல்ல மனத்துக்கு நானும் நன்றி சொன்னேன். என்றாலும் அது அவர் வீட்டுக்குப் போன பிறகும் ஒலிக்கும் எண்; அவர் வேறு ஊருக்கு மாறிவிட்டால் அவருடனேயே போய்விடும் எண். இந்தச் சுமையை அவர் மேல் ஏற்றுவது சரியல்ல.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். அதில் யார் மீதும் புகார் இல்லை. ஒவ்வொரு யூனிட்டின் பெயருக்கு நேரே ஒரு தொலைபேசி எண் நோட்டிலேயே முத்திரையாகக் குத்தப்பட வேண்டும், ஓ.பி. நேரத்திலாவது அதை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும், தேதியை மாற்ற வருபவர் உறவினராக இருந்தாலும் நோட்டைக் காட்டினால் ஏற்க வேண்டும், முன்கூட்டிச் சொன்னவருக்கு மறுபடி எல்லாப் பரிசோதனையும் தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், உடனே வர இயலும் நோயாளிகளின் பெயரை ஒரு தனிப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மனுவுக்கு எண் கொடுத்தார்கள். அம்மாவின் சர்க்கரை இறங்கி வருகிறது. புதிய தேதியில் தம்பி மனைவி உடன் போவாள். மனு எண்ணும் நோட்டும் அவளிடம் இருக்கின்றன, பதில் வந்ததா என்று கேட்க வேண்டிய அலுவலகத்தின் முகவரியையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.