400 லீற்றர் தாங்கியும் ரெண்டு காப்புறுதிக்காரரும்

போன கிழமை லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்து தெரிந்த தம்பி ஒருவன் கூப்பிட்டான். யன்னல் துடைக்கிற வேலையைச் சொந்தமாகத் தொடங்கப் போகிறானாம், வானும் எடுத்துவிட்டானாம். "அண்ணை, உங்கட சிஸ்டம் எப்பிடி, நானும் போடலாமோ?" என்றான். அரை மணித்தியாலம் கதைத்தேன். வைத்த பிறகு யோசித்தால், அதில் 25 நிமிசம் காப்புறுதிக்காரரைத்தான் திட்டியிருக்கிறேன். தாங்கியைப் பற்றி உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடனுக்கு இது.

என்னுடையது, யன்னல் கழுவுகிற சுத்தத் தண்ணீரை வானில் கொண்டுபோகிற 400 லீற்றர் தாங்கி. இரும்புச் சட்டத்துக்குள் இருக்கிறது, வானின் தரையைத் துளைத்து போல்ட் போட்டது. 12 வோல்ட் பம்ப், அதற்கொரு கொன்ட்ரோலர், பின்கதவோடு 100 மீற்றர் ஹோஸ் சுற்றிய றீல். தண்ணீரில் கரைந்த உப்பை வடிக்கிற ஆர்ஓவும், மிச்சத்தைப் பிடிக்கிற ரெசினும் வீட்டுக் கராஜில். இரவில் நிரப்பி, விடிய எழும்பிப் புறப்படுவது. ஹரோ, வெம்பிளி, ரைஸ்லிப் பக்கம்தான் நான் கழுவுகிற வீடுகள். பொருத்தின கூலியோடு 2,900 பவுண் முடிந்தது. நாலு வருசமாகிறது.

லண்டன் தண்ணீரைப் பற்றி இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கேத்தலின் அடியைப் பார்த்தால் போதும். எங்கள் வீட்டுப் பைப்பில், கரைந்த உப்பை அளக்கிற மீற்றரை வைத்தால் 300ஐத் தாண்டிக் காட்டும். அந்தத் தண்ணீரை யன்னலில் அடித்துவிட்டுக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக நிற்கும். ஆர்ஓ அதைப் பத்துப் பன்னிரண்டுக்கு இறக்கும், மிச்சத்தை ரெசின் பிடித்து 000 ஆக்கும். பிறகு துடைக்கவே தேவையில்லை, அலசிவிட்டால் தானாகக் காயும். நிலத்தில் நின்று, நுனியில் தூரிகையும் தண்ணீரும் வருகிற நீளக் கம்பை உயர்த்தி மேல்மாடி கழுவுகிறேன், ஏணியில் ஏறி நாலு வருசம். என் வலது முழங்கால் இதற்கு எழுதினால் ஐந்து நட்சத்திரம் போடும். ரெசின் முடிகிற நேரத்தில் கராஜ் முழுக்கக் கருவாடு மணக்கும். முதல் தரம் மனைவி என் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டார்.

இதற்கு முன்னம் 250 லீற்றர் தாங்கி ஒன்றை இரண்டு றாச்செற் பட்டியால் வானின் பக்கக் கொளுக்கியில் இழுத்துக் கட்டி ஓடினேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் அலைமோதாமல் பிடிக்கிற தடுப்பும் உள்ளே இல்லாத தாங்கி. அரைவாசி தண்ணீரோடு சிக்னலில் நின்றால், வான் நின்ற பிறகு தண்ணீர் வந்து நிற்கும். பிரேக்கில் கால் இருக்கும்போதே பின்னாலிருந்து யாரோ முழங்கையால் இடித்த மாதிரி ஒரு தள்ளு. ஒரு நாள் ஏ40 நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் சடுதியாக நின்றது. நானும் மிதித்தேன். பட்டி ஒன்று நழுவி, தாங்கி ஒரு சாண் முன்னுக்கு வந்தது. ஒரு சாண்தான். ஆனால் அடுத்த இரண்டு சாணில் என் முதுகு இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு லீற்றர் ஒரு கிலோ. 30 மைல் வேகத்தில் போகிற வான் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், 400 கிலோ தண்ணீர் ஐந்தரைத் தொன் பாரம்போல முன்னுக்குத் தள்ளும். இங்கத்தைய வழிகாட்டலின்படி சும்மா பாரம் ஏற்றினாலே, அதன் முழு எடையை முன்பக்கமும் அரை எடையைப் பக்கவாட்டிலும் பின்னுக்கும் தாங்குகிற மாதிரிக் கட்ட வேண்டும். அது சாதாரண ஓட்டத்துக்கான அளவு, மோதலுக்கானது அல்ல. மோதலுக்குச் சோதித்த இரும்புச் சட்டம் என்று தனியாக விற்கிறார்கள். விலையைப் பார்த்து முதலில் சிரித்தவன், ஏ40க்குப் பிறகு சிரிக்காமல் வாங்கினேன்.

பொருத்தினவர் வேலை தெரிந்த மனுசர். துளை போட முதல் வானுக்குக் கீழே படுத்து டீசல் தாங்கி எங்கே, பிரேக் பைப் எங்கே என்று பார்த்துக் குறித்தார். போல்ட்டுக்குக் கீழே வெறும் வாஷர் போடாமல் அகலமான இரும்புத் தகடு போட்டார், இல்லாவிட்டால் இழுபட்டால் போல்ட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். துளையின் விளிம்புகளுக்குத் துருப்பிடிக்காத பூச்சு. இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. தாங்கிக்குள் தடுப்புகள் இருப்பதால் அந்த முழங்கை இடியும் இல்லை. சிக்னலில் நின்றால் நின்றதுதான். இந்த அமைதிக்காகவே இன்னும் ஒரு 500 பவுண் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

குறை என்றால் பற்றரி. பழைய வானுக்குச் சரிவந்த சாதாரண ரிலே, புதிய யூரோ 6 புகை விதிக்கான வானின் கெட்டிக்கார ஒல்ரநேற்றருக்கு, அதாவது பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கிற கருவிக்கு, சரிவரவில்லை. அது தனக்கு வேண்டிய நேரம் மட்டும்தான் சார்ஜ் கொடுக்கும். முதல் மாரியில் மத்தியானத்துக்குள் பம்ப் செத்துவிடும். பற்றரியில் இருந்து பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி போட்ட பிறகு பிரச்சினை தீர்ந்தது. குளிரில் ஆர்ஓ மெல்லத்தான் வேலை செய்யும். கோடையில் 4 மணித்தியாலத்தில் நிரம்பினது மார்கழியில் 7 ஆகும். அதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது ஒன்றுதான் கிடக்கு.

தாங்கி போட்ட அன்றைக்கே வான் காப்புறுதிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. வானில் செய்த மாற்றங்களுக்கு அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. அலொய் வீலா, ஸ்பொய்லரா, கறுப்புக் கண்ணாடியா, இழுவைக் கொளுக்கியா? தண்ணீர்த் தாங்கி பட்டியலில் இல்லை. "என்ன திரவம்?" தண்ணீர். "ஆபத்தானதா?" தண்ணீர், பிள்ளை. "சுத்திகரித்த தண்ணீர் என்கிறீர்களே, ரசாயனம் சேர்த்ததா?" சேர்த்ததில்லை, எடுத்தது. கடைசியில் "உள் தட்டுகள்" என்று பதிந்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை. தாங்கி, லீற்றர், போல்ட் எல்லாம் எழுதி, படமும் வைத்து மின்னஞ்சல் போட்டு, கிடைத்தது என்று ஒரு பதிலும் வாங்கி வைத்தேன். ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கும்போது வேறு ஆள், அதே பட்டியல், அதே "என்ன திரவம்?"

ஏன் இவ்வளவு பாடு என்றால், தொழில் காப்புறுதிக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளதைச் சரியாகச் சொல்வது எங்கள் கடமை. கவனக்குறைவாக விட்டு, சொல்லியிருந்தால் கட்டணம் 800 ஆகியிருக்கும், நீ கட்டினது 600 என்றால், நட்டத்தில் முக்கால்வாசிதான் தருவார்கள். வேண்டுமென்று மறைத்தால் அதுவும் இல்லை.

சொன்னதைச் சரியாகத்தான் சொன்னேன். அப்படியிருந்தும் போன கார்த்திகையில் மாட்டினேன். பிழை என்னுடையதுதான். ரைஸ்லிப்பில் ஒரு வீட்டு வாசல் பாதையில் வானைப் பின்னுக்கு எடுக்கும்போது, செங்கல் தூண் ஒன்றைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இடித்தேன். கதவு உள்ளே போய் றீல் நசிந்து, கொன்ட்ரோலர் பெட்டி வெடித்துவிட்டது. தாங்கி அசையவில்லை. நடை வேகத்தில் பட்ட அடி என்பதால் அதை இரும்புச் சட்டத்தின் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

வான் காப்புறுதி கதவுக்குத் தருவோம் என்றது. றீலும் கொன்ட்ரோலரும்? "அது வானின் பகுதி அல்ல, உங்கள் தொழில் உபகரணம்." சரி என்று உபகரணக் காப்புறுதிக்குப் போனேன், அது வேறு கொம்பனி. "நிரந்தரமாக போல்ட் போட்டிருக்கிறீர்களே, அது வாகனத்தின் பகுதி." நான் திரும்பவும் முதலாமவரிடம். அவர் திரும்பவும் இரண்டாமவரிடம். அவிழ்த்து வைத்திருந்தால் உபகரணம், பூட்டி வைத்ததால் வாகனம், வாகனக்காரருக்கோ பூட்டினாலும் உபகரணம். பாதுகாப்புக்காக போல்ட் போட்டவன் நடுத்தெருவில். பட்டியால் கட்டி ஓடின அந்த மடையன் இதைக் கோரியிருந்தால் கிடைத்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

நியாயமாகவும் சொல்ல வேண்டும். கதவை ஒன்பது நாளில் திருத்தித் தந்தார்கள், நல்ல வேலை. தொலைபேசியில் ஒருவரும் மரியாதை குறைவாகக் கதைக்கவில்லை. சொல்லப்போனால் அவ்வளவு மரியாதையாக "இல்லை" என்று என் சீவியத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. எழுத்தில் முறைப்பாடு போட்டேன். எட்டுக் கிழமைக்குள் முடிவான பதில் தராவிட்டால் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், என்னைப் போன்ற சின்னத் தொழில்காரருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. பழைய மின்னஞ்சலையும் அந்தக் கிடைத்தது என்ற பதிலையும் இணைத்து அனுப்பினேன். ஏழாம் கிழமை, "நல்லெண்ணத்தின் பேரில்" பாதிக் காசு வந்தது. மற்றப் பாதி என் கையிலிருந்து. அந்த ஏழு கிழமையும் இரவல் றீல் ஒன்றைக் கையால் சுற்றினேன், தோள்மூட்டு இன்னும் சொல்லும்.

இந்த முறை புதுப்பிக்கும்போது, "பொருத்திய உபகரணம் உட்பட" என்ற வசனம் பத்திரத்திலேயே இருந்தால்தான் கையெழுத்து என்று நின்றேன். யன்னல் துடைக்கிறவர்களுக்கென்றே எழுதுகிற தரகர் ஒருவர் மூலம் கிடைத்தது, வருசம் 90 பவுண் கூட. தம்பிக்குச் சொல்லாமல் விட்டது இதுதான்: தாங்கி வாங்க முதல் இந்த வசனத்தைத் தேடு. மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி எடுக்கும்போது, துடைக்கிற கண்ணாடியே உடைந்தால் தருவார்களா என்றும் கேள். பல பத்திரங்களில் அதைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. வான் தவணையிலோ லீசிலோ என்றால், தரையைத் துளைக்க முதல் அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கு. வானின் தகட்டில், பாரத்தோடு போகக்கூடிய அதிகபட்ச மொத்த எடை எழுதியிருக்கும். தாங்கியை நிரப்பி, நீயும் ஏறியிருந்து, ஒரு தரம் நிறுத்துப் பார். எடை கூடினால் தண்டமும் உண்டு, அதற்குப் பிறகு காப்புறுதிக்காரருக்கு இன்னொரு சாட்டும் கிடைக்கும்.

சிஸ்டத்துக்கு எத்தனை மார்க் என்றால், நாலு வருசம் ஒழுகாத ஒன்றுக்கு ஐந்துக்கு ஐந்துதான் போட வேண்டும். ஆனால் இன்றைக்கு மனநிலை அப்படி இல்லை, மூன்று. தம்பியிடமும் போனில் அதைத்தான் சொன்னேன்: "உனக்கு 400 வேண்டாம், துளையும் வேண்டாம், ட்ரொலியோடயும் 25 லீற்றர் கானோடயும் தொடங்கு, ரெண்டு வருசம் நிம்மதியா இரு."

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப உங்கட தாங்கியை விக்கிறீங்களோ அண்ணை?" என்றான்.

"விசரே உனக்கு?" என்றேன். "நாளைக்கு 11 வீடு கிடக்கு."